அம்மாவின் நோய்க்குப் பெயர் உண்டு

இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் உறவினர்களில் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்து ஒரே ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒருவர் அன்பாகச் சொன்னார். ஒருவர் கோபமாகச் சொன்னார். மூன்றாமவர் அம்மாவின் உடன்பிறந்த தம்பி, என் மாமா. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "உடல்நலம் குன்றி இறைவனடி சேர்ந்தார்" என்று போட்டால் போதாதா என்று மூவரும் கேட்டார்கள். போதாது. அம்மா சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். அவர்கள் எடுக்கச் சொன்ன வரி இதுதான். எடுக்கவில்லை.

முதலாமாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். பந்தி முடிந்து வெற்றிலை மென்றுகொண்டே அம்மாவின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மூடி வைப்பதற்காக இதை எழுதவில்லை. பெண்கள் படியுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கூச்சப்படும்படியான சொற்கள் நடுவில் வரும். வரட்டும். கூச்சப்பட்டே நம் வீட்டில் இரண்டு பேரைக் குழியில் வைத்துவிட்டோம்.

அம்மா நம் மலை ஊர்த்தொகுதிகளில் ஒன்றான அரியூர் நாட்டில் மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அடுத்தவர் சின்னம்மா, கடைக்குட்டி மாமா. ஐந்தாம் வகுப்போடு அம்மாவின் படிப்பு நின்றது. ஆறாம் வகுப்புக்கு வெகுதூரம் நடக்க வேண்டும், வீட்டில் தம்பியையும் தங்கையையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. பதினெட்டு வயதில் குண்டூர் நாட்டுக்கு, அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளி ஒன்றரை ஏக்கர், பள்ளத்தில் கொஞ்சம் நெல், மேட்டில் சாமை, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. இவ்வளவுதான் சொத்து. அப்பா அதிர்ந்து பேசாதவர். இரண்டு பேருக்கும் சேர்த்து அம்மாவே பேசிவிடுவார்.

நான் பத்தாவது முடித்ததும் மலைக்குக் கீழே விடுதியில் சேர்த்துப் படிக்க வைப்பது என்று அம்மா முடிவு செய்தார். ஊரில் பேசாதவர்கள் இல்லை. பொட்டப்பிள்ளையைக் கீழே அனுப்புகிறாளே என்று பெரியவர் ஒருவர் அப்பாவிடம் வந்து வருத்தப்பட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "கெழங்கையே லாரி ஏத்திக் கீழ அனுப்பறமுங்க. புள்ளய பஸ் ஏத்தி அனுப்பக்கூடாதுங்களா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். பெரியவர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். என் பெட்டியைத் தலையில் சுமந்து வந்து பஸ் ஏற்றிவிட்டது அம்மாதான். இன்று ஆலத்தூர் நாட்டுப் பள்ளியில் நான் ஆசிரியை. என் தம்பி வேன் ஓட்டுகிறான். இரண்டுக்கும் காரணம் அந்த வாய்.

இப்போது சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் குடும்பத்து மலர்களில் அவர் பெயர் வந்ததில்லை. நான் கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது சின்னம்மாவின் வயிறு பெருத்தது. பிள்ளை இல்லாதவர் என்பதால் முதலில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் காற்று பட்டுவிட்டது என்றார்கள். சாமி குத்தம் என்றார்கள். கயிறு கட்டினார்கள், சேவல் அறுத்தார்கள். நாலு மாதத்தில் சின்னம்மா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. கெட்ட நோவின் பெயரைச் சொன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பெயர் சொல்லாமலே அது வந்து உட்கார்ந்திருந்தது என்பதுதான் நடந்த கதை.

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது, தை மாதக் கிழங்கு வெட்டு சமயத்தில், வயிறு உப்ப ஆரம்பித்தது. கிழங்கு வெட்டும் நாட்களில் காலையில் வேகவைத்த கிழங்கு, மதியம் கிழங்கு, சாயங்காலம் மீந்த கிழங்கு என்று ஓடும். வயிறு உப்பினால் இந்த மலையில் யாரும் யோசிக்க மாட்டோம். கிழங்கு வாயு என்று சொல்லிவிடுவோம். அம்மாவும் அதைத்தான் சொன்னார். நானும் அதைத்தான் சொன்னேன். படித்தவள், ஆசிரியை, நாற்பது பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுப்பவள், கடையில் வாயு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். கிழங்கைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். அம்மா தன் தோட்டத்துக் கிழங்கை மாதக்கணக்கில் வாயில் வைக்கவில்லை. வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

வேறு சில சங்கதிகளும் நடந்தன. இரண்டு வாய் சாப்பிட்டதும் போதும் என்பார். முன்பெல்லாம் ஒரு களி உருண்டையை உட்கார்ந்து முடிப்பவர். அடிவயிற்றில் ஒரு வலி, இடுப்பில் ஒரு இழுப்பு. காட்டில் வேலை செய்யும்போது அடிக்கடி ஒதுங்கப் போவார். கையும் கழுத்தும் மெலிந்தன, வயிறு மட்டும் முன்னால் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தோம். வயசு, வெயில், வேலை, மாதவிலக்கு நின்ற கோளாறு. எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாகப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், "என்னுங்க, இன்னொரு தம்பி வாரானா?" என்று கேலி செய்தார்கள். அம்மா சிரித்துவிட்டு வந்தார். மறுநாள் முதல் முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு நடந்தார். எதற்கும் தலைகுனியாத பெண் அந்தக் கேலிக்குத் தலைகுனிந்தார். அதை இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

முந்தைய வருடம் சுகாதார நிலையத்தில் நடந்த முகாமில் அம்மா கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். ஒன்றும் இல்லை என்று சீட்டு வந்திருந்தது. அந்தச் சீட்டை நம்பி நாங்கள் தைரியமாக இருந்தோம். அந்தப் பரிசோதனை வேறு, இந்த நோய் வேறு என்று எங்களுக்குத் தெரியாது. கர்ப்பப்பையின் வாயில் வருவதை அது காட்டும். கர்ப்பப்பைக்கு இரு பக்கமும் முட்டை உருவாகும் இரண்டு சினைப்பைகள் உள்ளே ஒளிந்திருக்கின்றன, அவற்றில் வருவதை அது காட்டாது. இதைப் படிக்கும் பெண்கள் யாராவது அப்படி ஒரு சீட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தால், சீட்டு நல்லதுதான், ஆனால் அது எல்லாவற்றுக்கும் பதில் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

புரட்டாசியில் எங்கள் பகுதிக் கிராமச் செவிலியர் குழந்தைகளுக்கு எடை போட வந்தார். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து நின்றுவிட்டார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். தை மாதத்திலிருந்து கிழங்கு வாயு என்றார் அம்மா. செவிலியர் அம்மாவைப் பாயில் படுக்க வைத்து, வயிற்றின் மேல் ஒரு கையை வைத்து மறுகை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒம்பது மாசமா எந்த வாயு டீச்சர் நிக்கும்? இது தண்ணி. நாளைக்கே கீழ கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுங்க," என்றார். எடை போடும் தராசைக் கையில் வைத்துக்கொண்டே என்னைத் திட்டினார். எல்லாமே எனக்குத் தேவையான திட்டு.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, வயிற்றிலிருந்து எடுத்த நீரின் பரிசோதனை எல்லாம் முடிந்து, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் மருத்துவர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் ஒரு பெண். நோயின் பெயரைத் தமிழில் சொன்னார், அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மூன்றாவது நிலை என்றார். அப்பா மேலே விட்டத்தைப் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா என்று மருத்துவர் கேட்டார். "இல்லீங்க" என்றார் அப்பா. இல்லை என்றேன் நானும். இரண்டு பேரும் மனதறிந்து பொய் சொல்லவில்லை, பழக்கத்தில் சொன்னோம். மருத்துவர் எழுதப் போகும்போது அம்மா, "எழுதாதீங்க சாமி," என்று தடுத்தார். "என்ற தங்கச்சிக்கு இதே வயிறுதான். நான்தான் அவளக் குளிப்பாட்டுனேன். இதே வயிறு."

அந்த நொடி வரைக்கும் அம்மா இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை. தன் கையாலேயே சோப்புப் போட்ட வயிறு. சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் அவருக்குப் பழக்கியிருந்தோம்.

அன்று வெளியே வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, கிழங்கு சாப்பிடலாமா என்பது. மருத்துவரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். கிழங்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தாராளமாகச் சாப்பிடட்டும் என்றார். அம்மா மலையேறி வீட்டுக்கு வந்ததும் அடுப்புப் பற்றவைத்து ஒரு கிழங்கை வேகவைத்து, உப்பும் மிளகாயும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். பாதிதான் முடிந்தது. மீதியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பழியை எல்லாம் இதன் தலையில் போட்டோமே என்றார்.

மூன்று முறை கீமோ ஊசி, பிறகு அறுவைச் சிகிச்சை, பிறகு மறுபடி மூன்று முறை. இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, எழுபது வளைவும் ஏற வேண்டும். ஊசி போட்ட அன்றே ஏறினால் வளைவுக்கு வளைவு வாந்தி. இரண்டாவது தடவையிலிருந்து கீழே ஒருநாள் தங்கி, வாந்தி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு, தம்பியின் வேனில் முன் இருக்கையில் ஏறிவந்தோம். யாரும் சொல்லித் தரவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டாவது ஊசிக்குப் பத்தாவது நாள் மதியம் அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்தது. சாதாரண நாளாக இருந்தால் மிளகுக் கஷாயம் வைத்துக் கம்பளி போர்த்தியிருப்போம். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது, நோயை எதிர்க்கும் அணுக்கள் குறைந்திருக்கும் என்று மருத்துவர் சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தார். துணைக்கு வந்து கஷாயம் வைக்கப் போன அத்தையை அப்பா முதன்முறையாகக் குரல் உயர்த்தி நிறுத்தினார். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாமதித்திருந்தால் அன்றே போயிருப்பார் என்று பிறகு சொன்னார்கள்.

முடி கொட்டியது. கார்த்திகையில் பங்காளி வீட்டுக் கல்யாணம் வந்தது. கூட்டத்துக்குப் போகலாமா என்று அம்மா மருத்துவரிடம் கேட்டார். ஊசி போட்டு மூன்றாவது வாரம், அணுக்கள் ஏறியிருக்கின்றன, போய்வரலாம் என்று அனுமதி கிடைத்தது. தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். மாட்டேன் என்றார். சுமங்கலி மொட்டைத் தலையோடு மணவறைப் பக்கம் நிற்பதா என்று இரண்டொருவர் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. முன் வரிசைக்குப் போய் நின்றார். விஷயம் தெரியாத ஒரு பாட்டி, "எந்தக் கோயலுக்குங்க முடி எறக்குனீங்க?" என்று கேட்டார். அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கோயலுக்கு இல்லீங்க, புத்து நோவு ஊசிக்கு எறக்குனது. பொழச்சு வந்தா கோயலுக்குத் தனியா எறக்குவேன்," என்றார். மேளக்காரர்கூட ஒரு நிமிடம் வாசிப்பதை நிறுத்தினார் என்று தம்பி இன்றும் சொல்லிச் சிரிப்பான். அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்பவன்.

வீட்டுக்குப் பார்க்க வருபவர்கள் அழுதார்கள். அவர்களுக்குத் தேற்றல் சொல்வதற்கே அம்மாவின் தெம்பு போனது. ஒருநாள் கிழங்குக் கூடையையும் நாலு கத்தியையும் நடுவீட்டில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். அழுபவர்கள் அழுதுகொண்டே கிழங்கு உரிக்க வேண்டும் என்று சட்டம். கை வேலையாக இருக்கும்போது அழுகை வருவதில்லை. கிழங்கும் உரிந்தது. சாப்பிடு சாப்பிடு என்று வற்புறுத்துபவர்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. கொண்டு வந்ததில் பாதியை அவர்களே அங்கே உட்கார்ந்து தின்ன வேண்டும். நோயாளிக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவை, கையளவு கொடுத்தால் இறங்கும், தட்டு நிறையப் போட்டால் பார்க்கும்போதே குமட்டும் என்பதை ஊருக்கு அம்மா இப்படித்தான் புரியவைத்தார். வேர் கொண்டு வந்தவர்கள், பொடி கொண்டு வந்தவர்கள் எல்லோரிடமும் அன்பாக வாங்கி வைத்து, மருத்துவரிடம் காட்டி, வேண்டாம் என்று அவர் சொன்னதை மூலையில் வைத்துவிட்டார்.

ஊசிகளால் விரல் நுனிகள் மரத்துப்போயின. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தைத் தூக்கிவிட்டு, கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது. மிளகு உதிர்க்கும்போது விரலில் இருப்பது மிளகா காம்பா என்று தெரியவில்லை என்று சொல்லி ஒருநாள் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு அப்பா சமையலைக் கையில் எடுத்துக்கொண்டார். உப்பு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. அம்மா ஒருநாளும் குறை சொல்லாமல் இருந்ததில்லை.

சித்திரையில் சிகிச்சை முடிந்தது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. அப்போது மருத்துவர் இன்னொரு பரிசோதனை சொன்னார். தங்கைக்கும் வந்திருக்கக் கூடும் என்பதால், இது மரபணுக் கோளாறாக ரத்த வழியில் இறங்கி வருவதா என்று பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார்கள். ஆம் என்று வந்தது. அப்படியானால் பிள்ளைகளும், உடன்பிறந்த தம்பியும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்லது என்றார்.

நான் கொடுத்தேன். எனக்கும் அந்தக் கோளாறு இருக்கிறது. தம்பிக்கு இல்லை. இருக்கிறது என்றால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று அர்த்தம். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அடுத்த கோடை விடுமுறையில் என் சினைப்பைகளை எடுத்துவிடப் போகிறேன். நானும் என் கணவரும் சேர்ந்து எடுத்த முடிவு. இதையும் எழுதக் கூடாது என்று சொல்வார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

மாமாதான் மறுத்தார். ஆம்பளைக்கு ஏது சினைப்பை என்று கேட்டார். அப்பா வழியாகவும் மகளுக்கு இறங்கும் என்று அம்மா தனக்கு மருத்துவர் சொன்னபடியே சொன்னார். மாமாவுக்கு அது புரியாமல் இல்லை. அவருடைய ஒரே மகளுக்கு இருபத்திரண்டு வயது, பெண் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் பெண் கேட்டு வருபவர்கள் முதலில் விசாரிப்பது, வீட்டில் கெட்ட நோவு உண்டா என்பதைத்தான். "பேரச் சொன்னா என்ற புள்ளய எவன்க்கா கட்டுவான்?" என்றார் மாமா. அம்மா மெலிந்த குரலில், ஆனால் ஒவ்வொரு சொல்லாக, "சொல்லாம கட்டிக் குடுத்தீன்னா கட்டுனவனே குழி வெட்டுவான்டா," என்றார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அம்மா சும்மா இருக்கவில்லை. பதினான்கு மாதம் நன்றாக இருந்தார். முடி வளர்ந்தது, சொன்னபடி கோயிலுக்கு இறக்கினார். மறுபடி காட்டுக்குப் போனார். குழாயடிக்குப் போய், தன்னைக் கேலி செய்த அதே பெண்களிடம், தொடர்ந்து மூன்று வாரம் வயிறு உப்பினாலோ, சீக்கிரம் வயிறு நிறைந்தாலோ, அடிவயிறு வலித்தாலோ, அடிக்கடி ஒன்றுக்குப் போனாலோ ஸ்கேன் எடுங்கள், மாத்திரை கேட்டு டீச்சரிடம் போகாதீர்கள் என்று சொன்னார். டீச்சர் என்றது என்னை. எனக்கு வலிக்கும் என்று தெரிந்தே சொல்வார். அதில் மூன்று பேர் ஸ்கேன் எடுத்தார்கள். ஒருவருக்குச் சாதாரணக் கட்டி, எடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று வந்தவர்கள் வீண் அலைச்சல் என்று சண்டைக்கு வந்தார்கள். வீண் அலைச்சல் கிடைத்தவர்கள் புண்ணியவான்கள் என்று அம்மா அனுப்பிவைத்தார்.

ஆனியில் நோய் திரும்பியது. மறுபடி ஊசிகள், இம்முறை வேறு மருந்து. வயிற்றில் நீர் கோத்தது. கீழே போய் எடுத்துவிட்டு வந்தால் இரண்டு வாரம் லேசாக இருக்கும். தை பிறக்கும்போது மருத்துவர் எதையும் மறைக்காமல் பேசினார். இனி மருந்து நோயைவிட அதிகமாகத் துன்பப்படுத்தும் என்றார். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். கூடவே மலம் இறங்க மருந்தும் கொடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாகவே கொடுக்க வேண்டும், ஒன்றை விட்டால் இன்னொரு வேதனை. மார்ஃபின் பழக்கமாகிவிடும், கொடுக்காதே என்று உறவில் சிலர் சொன்னார்கள். அம்மா என்னைப் பார்த்து, "இனிமே பழகி நான் என்ன கெட்டுப்போகப் போறேன்? நேரத்துக்குக் குடு கண்ணு," என்றார். நேரத்துக்குக் கொடுத்தேன். வலியைப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை என்று செவிலியர் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

குடல் அடைத்துக்கொண்டு எதுவும் இறங்காமல் போன நாட்களில் ஈரத்துணியால் உதட்டை நனைத்தோம். வாயைத் திறந்து ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும் என்று செவிலியர் எச்சரித்திருந்தார். அந்த நாட்களில் ஒரு காலைப்பொழுதில் மாமா வந்தார். அக்காவின் காலருகே உட்கார்ந்தார். கிழங்கும் கத்தியும் பக்கத்தில் இருந்தன. யாரும் சொல்லாமலே எடுத்து உரிக்க ஆரம்பித்தார். அம்மா கண்ணைத் திறந்து அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை அழைத்து, "எனக்கு மலரு போடுவீங்கல்ல, அதுல என்ன நோவுன்னு பேரு போட்டு எழுது. நோவு பேரு இல்லாட்டி என்ற பேரையும் போடாத," என்றார். சொன்னது என்னிடம். கண் மாமாவின் மேல்தான் இருந்தது. மாமா தலை நிமிரவில்லை.

மாசி மாதம், அப்பாவும் தம்பியும் நானும் பக்கத்தில் இருக்க, அம்மா வீட்டிலேயே கடைசி மூச்சை விட்டார். நோய் தெரிந்த பிறகு மூன்று பொங்கல் பார்த்தார். ஒன்பது மாதத்தைக் கிழங்கின் மேல் பழி போட்டுத் தொலைக்காமல் இருந்திருந்தால் இன்னும் பார்த்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை. தெரியாது என்பதோடுதான் நான் வாழ வேண்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். தராசோடு நின்று என்னைத் திட்டிய கிராமச் செவிலியருக்கு முதல் நன்றி. நோயின் பெயரை அம்மாவிடமே சொன்ன மருத்துவருக்கும், அம்மாவின் கேலியைப் பொறுத்துக்கொண்ட வார்டுப் பெண்களுக்கும் நன்றி. நாங்கள் கீழே இருந்த நாட்களில் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து எங்கள் கிழங்கை வெட்டி லாரி ஏற்றிவிட்ட ஊராருக்கும், மழைக்கு முன் மிளகைப் பறித்துக் காயவைத்துக் கொடுத்த பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. உப்பில்லாமல் சமைத்துப் போட்ட அப்பாவுக்கு, அம்மா சொல்லாமல் விட்ட நன்றியை நான் சொல்கிறேன். நோயின் பெயர் உள்ள வரியை எடுத்துவிடச் சொன்ன முதல் இரண்டு பேருக்கும் கொடுக்க என்னிடம் கோபம் மட்டுமே இருக்கிறது. அவர்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக மாமா. சென்ற வாரம் அச்சகத்தில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா படியேறி வந்தார். மறுபடி கெஞ்சப் போகிறார் என்று நினைத்துத் தாளை மடியில் வைத்துக்கொண்டேன். கையை நீட்டி வாங்கினார். நின்றபடியே, வரிக்கு அடியில் விரல் வைத்து, முழுவதும் படித்தார். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடம் முந்தின நாளே தான் நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். எப்படியோ சொன்னேன் என்றார். பிறகு, சின்னக்காவின் நோவை ஏன் பெயர் போட்டு எழுதவில்லை என்று கேட்டார். சின்னம்மாவை எந்த மருத்துவரும் பார்க்கவில்லை, என்ன நோய் என்று எப்படி நான் உறுதியாக எழுதுவது என்றேன். மாமா தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அப்பொ அதையே போடு கண்ணு. பாக்காமயே உட்டுட்டோம்னு போடு."

போட்டுவிட்டேன். சின்னம்மாவை நாங்கள் எந்த மருத்துவரிடமும் காட்டாமலேயே விட்டுவிட்டோம். மாமாவும் அவருடைய மகளும் இந்த வியாழக்கிழமை ஒன்றாகக் கீழே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.